கிழக்குக்கு ஒரு திருகு

போன வருடம் கிழக்கே நுமாசு ஊர் மண்டபத்தில் என் ஆம்ப்ளிஃபையர் படுத்துக்கொண்டது. படுத்ததுதான் படுத்தது, ஒரு ஜோக்கின் கடைசி வரிக்கு முந்தின வரியில் வந்து படுத்தது. பாட்டு பாதியில் நின்றால் மனுஷன் மீதியைத் தானே முனகிக்கொள்வான். ஜோக் பாதியில் நின்றால் என்ன செய்வான்? நுமாசுக்காரர்கள் வருடம் முழுக்க எனக்குத் தபால் அட்டை போட்டார்கள். "புத்தாண்டு வாழ்த்துகள். அது இருக்கட்டும், அந்த ஆள் என்னதான் போட்டுக்கொண்டு ஓடினார்?" நான் ஒருவருக்கும் பதில் எழுதவில்லை. வேண்டுமென்றால் என் பெட்டியிலேயே வந்து கேட்டுக்கொள்ளட்டும் என்று வீம்பாக இருந்துவிட்டேன்.

என் பெயர் மசுயோ. ஒசாகாவில் தெங்காச்சாயா சந்தைக்குப் பக்கத்தில் முடிதிருத்தும் கடை. கடை அப்பாவுடையது, இப்போது கத்தரி பிடிப்பது நான். ஒருநாள் கடை ரேடியோ கெட்டுப்போய், அதைத் திறந்து பார்த்ததில் பிடித்தது இந்தப் பைத்தியம். பழைய ரேடியோக்களில் மினுங்குமே கண்ணாடிக் குழல், அந்த வால்வை வைத்து ஆம்ப்ளிஃபையர் கட்டுவது. நிப்பொன்பாஷியில் பழைய சாமான் கூடைகளைக் கிளறி ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சமையலறை மேசையில் ஈயம் உருக்கிக் கட்டியது. என் கணவர் தகுசோ டாக்சி ஓட்டுகிறார். அவருக்கு ஈயமும் தெரியாது, இரும்பும் தெரியாது. ஆனால் பெட்டியைத் தூக்குவார். அது லேசுப்பட்ட கனம் இல்லை.

எங்கள் ஒசாகா குழுவும் நுமாசு குழுவும் வருடத்துக்கு ஒருமுறை கூடும். அவரவர் கையால் கட்டிய ஆம்ப்ளிஃபையரில் அவரவர் இசைத்தட்டை மட்டும்தான் போடலாம். இது அந்தக் கூட்டத்தின் வழக்கம். மற்றவர்கள் வயலினும் டிரம்பெட்டும் கொண்டுவருவார்கள். நான் கொண்டுபோனது அப்பாவை.

அப்பா வாலிபத்தில் மான்சாய் மேடையில் நின்றவர். இரண்டு பேர் மைக் முன்னால் நின்று ஒருத்தரை ஒருத்தர் வாரிக்கொள்வார்களே, அதுதான். கூட்டாளிக்கு மேடைப் பெயர் தகோமாரு, அதாவது ஆக்டோபஸ். அப்பா இகாமாரு, கணவாய் மீன். ஒசாகாவில் ஓரளவு ஓடினார்கள், ஒரு சின்ன இசைத்தட்டுகூட வந்தது. அப்புறம் கிழக்கே போகிற ஆசை வந்தது. அதாமியில் ஒரு வெந்நீர் விடுதியில் கிழக்குக்காரக் கூட்டத்தின் முன்னால் நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சாப்பாட்டுக் குச்சிகள் கிண்ணத்தில் படுகிற சத்தம் மட்டும் கேட்டதாம். அப்பா திரும்பி வந்து கத்தரியைக் கையில் எடுத்தார், மேடைப் பக்கம் போகவே இல்லை. தகோமாரு இப்போது உயிரோடு இல்லை. அப்பா இருக்கிறார், எண்பதைத் தாண்டி, கடையின் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரையெல்லாம் கிண்டலடித்துக்கொண்டு.

அந்த ஜோக்கைக் கிழக்குக்காரர்கள் நடுவில் போட்டு, அவர்களைச் சிரிக்க வைத்து, அந்தச் செய்தியை அப்பாவிடம் கொண்டுவர வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம். போன வருடம் அதற்குத்தான் போனேன்.

தட்டு சுற்றியது. தகோமாரு கேட்கிறார், "என்னடா மூச்சு வாங்குது?"

அப்பா சொல்கிறார், "பொதுக் குளியலுக்குப் போனேன். வெளிய வந்தா ஒருத்தன் என் மரச்செருப்பப் போட்டுக்கிட்டு ஓடறான். விடுவேனா? நானும் துரத்தினேன், கியோபாஷி வரைக்கும்."

"புடிச்சியா?"

"புடிச்சேன். 'ஏய், அது என் செருப்புடா'ன்னேன். 'செருப்பு உங்களுதுதான் சார், ஆனா நீங்க மாட்டியிருக்கற அங்கி, உள்ளாடை, இடுப்புத் துணி எல்லாம் என்னுது'ன்னான்."

"அடப்பாவி! அப்ப அவன் என்னத்தப் போட்டுக்கிட்டு ஓடினான்?"

அவ்வளவுதான். அப்பா வாயைத் திறக்கிற நேரத்தில் என் வால்வு இரண்டும் உள்ளே தகதகவென்று சிவந்தன. ஒரு கரகரப்பு, ஒரு கருகல் நாற்றம், மண்டபம் அமைதி. நான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். நுமாசு குழுவின் தலைவர் நுகுயி சான், தூண்டில் கடை வைத்திருப்பவர், எழுந்து நின்று குனிந்து வணங்கி மிக மரியாதையாகச் சொன்னார். "ஒசாகாக்காரங்க பேச்சுதான் சூடுன்னு நெனச்சோம். வால்வும் அப்படித்தாங்களா?"

சிரித்தார்கள். அப்பாவின் ஜோக்குக்கு இல்லை, எனக்கு. அவர்கள் கூட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு, ஒரே பெட்டி இரண்டாவது தடவையும் சிவந்தால் அதைக் கட்டியவருக்கு அந்த மேடை கிடையாது. மண்டபம் மரத்தால் ஆனது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. வீடு திரும்பியதும் அப்பா கேட்டார், "சிரிச்சாங்களா?" நான் "கரண்ட் போயிருச்சுப்பா" என்றேன். அவர் வெந்நீர்த் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். குச்சிச் சத்தம் அவர் காதில் கேட்டிருக்கும்.

இப்போது வால்வு ஏன் சிவக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். வால்வு என்பது தண்ணீர்க் குழாய் மாதிரி, விட்டால் முழுக்கக் கொட்டும். அதன் கழுத்தில் கொஞ்சம் மைனஸ் வோல்ட் கொடுத்துப் பிடித்து வைக்க வேண்டும். அந்தப் பிடிக்குப் பெயர்தான் பயாஸ். பிடி இறுகினால் சத்தம் சளி பிடித்த குரலாக வரும். பிடி தளர்ந்தால் கரண்ட் கொட்டும், உள்ளே இருக்கிற தகடு சிவக்கும், வால்வு செத்துப்போகும். நான் அந்தப் பிடியை அளந்து, சரியான ரெசிஸ்டரைப் போட்டு, அசையாமல் பற்றவைத்திருந்தேன். ஒசாகாவில் மாதக்கணக்கில் ஓடியது. முகப்பில் இருக்கும் சின்ன மீட்டரில் எந்த இடத்தில் முள் நிற்க வேண்டுமோ அங்கே என் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருந்தேன். முள் அந்தக் கோட்டை விட்டு நகர்ந்ததே இல்லை.

நுமாசுவிலிருந்து திரும்பி வந்து கடைசியாக மிச்சமிருந்த ஒரே ஜோடி வால்வை மாட்டிப் பார்த்தேன். முள் கோட்டில் நின்றது! பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு இருந்தால்கூடப் பிழைத்துப் போகலாம், இல்லாத கோளாறை எங்கே போய்த் தேடுவது?

எங்கள் குழுவில் ஆளுக்கொரு ஜோசியம். ஒருத்தர் கடல் காற்று என்றார். இன்னொருத்தர் ரயில் குலுக்கல் என்றார். எல்லாரும் சேர்ந்து கடைசியில் தகுசோவின் தலையில் கட்டினோம், அவர்தான் எங்கோ பொத்தென்று போட்டுவிட்டார் என்று. நான் அவரோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"சத்தியமா போடலம்மா. மடியில வச்சுக்கிட்டு வந்தேன். எங்கம்மாவக்கூட நான் அப்படித் தூக்கினதில்ல," என்று புலம்பினார் மனுஷன்.

விஷயம் பிடிபட்டது கோடையில், என் கடையிலேயே. என்னோடு தொழில் படித்த ஒரு தோழி கல்யாணமாகிக் கவாசாகிக்குப் போய் அங்கே கடை வைத்திருந்தாள். கடையை மூடியபோது தன் முடிவெட்டும் மெஷினை எனக்குப் பார்சலில் அனுப்பியிருந்தாள். மீன்கடைக்காரர் தலையில் அதை வைத்து சுவிட்சைப் போட்டேன். கடகடவென்று தகரக்கூரையில் ஆலங்கட்டி விழுந்த மாதிரி ஒரு சத்தம். மீன்கடைக்காரர் நாற்காலியை விட்டே எழும்பிவிட்டார்.

"கொலை பண்ணப் பாக்கறியா நீ?"

"உக்காருங்க. கிழக்கத்தி மெஷின். அங்க கரண்ட் நொடிக்கு அம்பது தடவை துடிக்கும், நம்ம பக்கம் அறுபது. பக்கத்துல திருகு இருக்கு, ஒரு திருப்புத் திருப்பினா சரியாயிடும்."

எங்கள் நாட்டில் இது குழந்தைக்கும் தெரியும். ஃபுஜி ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஐம்பது, இந்தப் பக்கம் அறுபது. பழைய கரண்ட் கடிகாரம் அந்தப் பக்கம் போனால் மெதுவாக ஓடும், துணி துவைக்கும் மெஷின் சோம்பல் படும். திருகைத் திருப்பினேன், சத்தம் அடங்கிப் பூனை உறுமுகிற மாதிரி ஆனது. மீன்கடைக்காரர் தலையில் பாதி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே என் கை நின்றுவிட்டது.

நுமாசு ஃபுஜி ஆற்றுக்கு அந்தப் பக்கம்!

"அடச் சே!" என்று கத்தினேன். மெஷினை அப்படியே வைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். கீழே மீன்கடைக்காரர், "ஏய், மீதித் தலை?" என்று கூப்பிட்டதும், அப்பா, "ஃபுஜி ஆறு வரைக்கும் வெட்டியாச்சு, மீதிய கிழக்கே போய் வெட்டிக்கோ" என்று சொன்னதும் காதில் விழுந்தது.

ஆம்ப்ளிஃபையருக்கு ஐம்பதும் அறுபதும் ஒன்றுதான் என்று நாங்கள் எல்லாருமே நினைத்திருந்தோம். உள்ளே போனதும் அதை நேர் மின்சாரமாக மாற்றிவிடுகிறோம், அப்புறம் எத்தனை துடித்தால் என்ன? அங்கேதான் தப்பு. மற்றவர்கள் பெட்டியில் மைனஸுக்கென்று டிரான்ஸ்பார்மரில் தனிச் சுற்று இருக்கும். என்னுடையது ஏதோ உடைத்த மெஷினிலிருந்து எடுத்த டிரான்ஸ்பார்மர், தனிச் சுற்று கிடையாது. அதனால் பெரிய வோல்டிலிருந்தே ஒரு கெப்பாசிட்டர் வழியாக மைனஸை எடுத்திருந்தேன். அந்தக் கெப்பாசிட்டர் என்ன செய்கிறது? ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கரண்டி அள்ளி ஊற்றுகிறது. ஒசாகாவில் நொடிக்கு அறுபது கரண்டி. நுமாசுவில் ஐம்பதுதான். கரண்டி குறைந்தால் மைனஸ் குறையும், பிடி தளரும், வால்வு சிவக்கும்.

வீட்டில் ஐம்பது துடிப்பு கரண்டுக்கு எங்கே போவேன்? அதனால் கரண்டியைச் சின்னதாக்கினேன். ஆறில் ஒரு பங்கு குறைவான கெப்பாசிட்டரை மாட்டி சுவிட்சைப் போட்டேன். முள் என் நகப்பூச்சுக் கோட்டைத் தாண்டி விறுவிறுவென்று ஏறியது. தகட்டின் ஓரத்தில் லேசாக ஒரு சிவப்பு எட்டிப் பார்த்தது. உடனே அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். நுமாசுவே என் சமையலறைக்கு வந்துவிட்டது.

அன்று ராத்திரி சாப்பாட்டில் தகுசோவுக்கு இரண்டு பீர் ஊற்றினேன். "நீ போடலய்யா. ஃபுஜி ஆறுதான் போட்டுச்சு," என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் பீர் புரிந்தது.

இனி அசையாத ரெசிஸ்டர் உதவாது. முடிவெட்டும் மெஷினுக்கு இருக்கிற மாதிரி இதற்கும் ஒரு திருகு வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் திருப்பி அளவை மாற்றுகிற ரெசிஸ்டர், பிரீசெட் என்பார்கள், அதில் இரண்டு வாங்கி வந்தேன், வால்வுக்கு ஒன்று. பிடியை இறுக்கலாம், தளர்த்தலாம், எந்த ஊரிலும் முள்ளைக் கோட்டுக்குக் கொண்டுவரலாம். வெளியிலிருந்தே திருப்ப வாகாகப் பெட்டியின் மேல்தகட்டில் இரண்டு ஓட்டை போட்டேன். மைனஸும் பற்றாமல் போகக்கூடாது என்று கெப்பாசிட்டரையும் ஒரு சுற்றுப் பெரிசாக்கினேன்.

தகுசோ பக்கத்தில் உட்கார்ந்து எடமாமே, அதாவது அவித்த பச்சை சோயா அவரை, உரித்துத் தின்றுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று கேட்டார், "ஏம்மா, இந்தத் திருகுக்குள்ள ஒரு நாக்கு தொட்டுக்கிட்டு ஓடுதே, அது தொடாமப் போச்சுன்னா?"

"தொடாம ஏன் போகுது? புதுசு."

"எந்த டாக்சியும் வாங்கறப்ப புதுசுதான். பிரேக் ஒயர் அறுந்தா வண்டி நிக்கணுமா, ஓடணுமா?"

நான் கையிலிருந்த பற்றவைப்பு இரும்பைக் கீழே வைத்தேன். அந்த நாக்கு ஒரு நொடி விட்டுப்போனால் வால்வுக்குப் பிடியே இருக்காது. முழுக்கக் கொட்டிவிடும், கடைசி ஜோடியும் அம்போ. நாக்குக்கும் மைனஸ் முனைக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டரைப் பாலமாகப் போட்டு வைத்தேன். நாக்கு விட்டுப்போனாலும் முழு மைனஸும் வந்து வால்வின் கழுத்தைப் பிடிக்கும். வால்வு எரியாது, தூங்கிப்போகும்.

"யோவ்," என்றேன், "உனக்குள்ளயும் ஏதோ இருக்குய்யா."

"பீர்தான்," என்றார்.

நவம்பரில் கிளம்பினோம். ஷின்-ஒசாகா ஸ்டேஷனில் பன்றிக்கறி பன் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டோம். ரயில் பெட்டி முழுக்க அதன் வாசம் அடித்து, முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஃபுஜி ஆற்றுப் பாலம் தடதடத்தபோது நான் ஜன்னலில் ஆற்றைப் பார்த்து நாக்கைத் துருத்தினேன். தகுசோ மடியில் பெட்டியோடு, "இங்கேர்ந்து தூக்குக்கூலி கிழக்கத்தி ரேட்டு" என்றார். கிளம்பும்போது அப்பா கடை வாசலில் நின்று, "குளிரும், கழுத்துல எதையாவது சுத்திக்கோ" என்று மட்டும் சொன்னார்.

மண்டபத்தில் நுழைந்ததும் தெரிந்தது, என் மேசைக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு வாளி. மணல் நிரப்பி வைத்திருந்தார்கள். நுகுயி சான் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மசுயோ சான். ஒரு முன்னெச்சரிக்கைதான்."

"பரவால்ல நுகுயி சான். நீங்க சிரிச்சு சிரிச்சு மயங்கி விழுந்தா முகத்துல தெளிக்கத் தண்ணியில்ல வச்சிருக்கணும்? மணல வச்சிருக்கீங்களே."

எங்கள் ஒசாகாப் பக்கம் கொல்லென்று சிரித்தது. அவர் மீசைக்குள் ஏதோ அசைந்தது, ஆனால் அவர் விடவில்லை. "கடைசி வரி கேக்க ஒரு வருஷமா நாங்க காத்திருக்கோம். இன்னிக்கும் சிவந்தா, விதி விதிதாங்க."

"சிவந்தா நானே வாளியத் தூக்கிக் கொட்டிட்டு நடக்கறேன்."

வாய்தான் அப்படிச் சொன்னது. கரண்டிக் கணக்கெல்லாம் என் சமையலறைக் கணக்கு. நிஜ ஐம்பதை இந்தப் பெட்டி இன்னும் பார்க்கவில்லை. மாட்டியிருந்தது கடைசி ஜோடி.

இரண்டு திருகையும் முழு மைனஸில் வைத்துவிட்டு சுவிட்சைப் போட்டேன். வால்வுக்குள் இழை மெல்ல ஆரஞ்சு நிறமானது. முள் அடியில் கிடந்தது. இடது வால்வின் திருகை, அதற்கு நான் தகோ என்று பெயர் வைத்திருக்கிறேன், மயிரிழையாகத் திருப்பினேன். முள் எழுந்தது. இன்னும் கொஞ்சம். கோட்டுக்குக் கீழே நிறுத்திக்கொண்டேன். ஒன்றை ஏற்றினால் மற்றது கொஞ்சம் இறங்கும், மாறி மாறித்தான் ஏற்ற வேண்டும். மீட்டர் சுவிட்சை மாற்றி வலது வால்வுக்கு வந்தேன். அது இகா. முள் எழுந்தது, பாதி வந்தது, சட்டென்று அடியில் விழுந்தது.

மண்டபத்தில் "ஆ" என்று ஒரு மூச்சு. நுகுயி சானின் கை வாளிக்குப் போய்விட்டது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. முள் ஏறவில்லையே, இறங்கித்தானே இருக்கிறது! ரயில் குலுக்கலிலோ, கடைக்காரர் தள்ளிவிட்ட பழைய சரக்கினாலோ, பிரீசெட்டுக்குள் இருக்கும் நாக்கு தொடுப்பை விட்டுவிட்டது. டாக்சி நின்றுவிட்டது, ஓடவில்லை.

"வாளிய வைங்க நுகுயி சான்! இகா தூங்கறான், அவ்வளவுதான்!" என்று சத்தம் போட்டேன். பெட்டியை அணைத்துவிட்டு, அந்தத் திருகைக் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாகச் சரசரவென்று பலமுறை ஓட்டினேன். உள்ளே இருந்த அழுக்கு தேய்ந்து போகட்டும் என்று. மறுபடி முழு மைனஸுக்குக் கொண்டுவந்து சுவிட்சைப் போட்டேன். ஓரத்தில் தகுசோ கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மெதுவாகத் திருப்பினேன். முள் எழுந்தது. பாதி. பாதிக்கு மேல். விழவில்லை. ஏறியது. தகோ கொஞ்சம், இகா கொஞ்சம், தகோ கொஞ்சம். இரண்டும் என் நகப்பூச்சுக் கோட்டில் வந்து நின்றன. ஒசாகாவில் நின்ற இடத்திலிருந்து திருகுகளின் வாய் வேறு பக்கம் திரும்பியிருந்தது. ஐம்பதுக்கும் அறுபதுக்கும் உள்ள தூரம் அதுதான்.

"லைட்ட அணைங்க," என்றேன்.

சிவப்பு இருந்தால் இருட்டில்தான் தெரியும். விளக்குகள் அணைந்தன. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நடுவில் இழையின் வெளிச்சம் மட்டும், சுற்றித் தகடுகள் கன்னங்கரேலென்று. நேரம் போனது. ஒருவரும் இருமக்கூட இல்லை. முள் அசையவில்லை, தகடு கறுப்பாகவே இருந்தது. நுகுயி சான் தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தார்.

"செவக்கல," என்றார். "போடுங்க."

நான் தட்டைப் போட்டேன். தகோமாருவின் குரல் அந்த மண்டபத்தில் ஆள் நிற்கிற மாதிரி எழுந்தது. மூச்சு வாங்குவது கேட்டது, உமிழ்நீர் விழுங்குவது கேட்டது. அப்புறம் அப்பா, இருபது சொச்சம் வயது அப்பா, பொதுக் குளியல், மரச்செருப்பு, கியோபாஷி. அங்கி, உள்ளாடை, இடுப்புத் துணி.

"அடப்பாவி! அப்ப அவன் என்னத்தப் போட்டுக்கிட்டு ஓடினான்?"

எல்லாரும் முன்னால் சாய்ந்தார்கள்.

"செருப்பத்தான்!" என்றார் அப்பா.

அமைதி. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு சத்தமும் இல்லை. போச்சு, அதாமிதான் மறுபடியும் என்று நினைத்தேன். அப்போது பக்கத்தில் புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. நுகுயி சான். வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார், தோள் குலுங்கியது. அவருக்குக் கண்முன்னால் அந்த ஆள் ஓட ஆரம்பித்துவிட்டான், தெருவில், வெறும் செருப்போடு. அப்புறம் மண்டபமே வெடித்தது. நாற்காலியைத் தட்டினார்கள், ஒருத்தர் முதுகை ஒருத்தர் அடித்துக்கொண்டார்கள். யாரோ "ஒரு வருஷமா இதுக்காடா!" என்று கண்ணீரோடு கத்தினார்கள். நான் அழுதுகொண்டே சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன், எது எது என்று எனக்கே தெரியவில்லை.

அப்போதுதான் தகுசோவைப் பார்த்தேன். மனுஷன் கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். தட்டைப் போட்டபோதே கடைக்குப் போன் போட்டிருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்! பிடுங்கிக் காதில் வைத்தேன்.

"அப்பா! கேட்டுச்சா? சிரிக்கிறாங்கப்பா!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"கேட்டுச்சு," என்றார். "ஏன் அவ்வளவு நேரம் கழிச்சுச் சிரிச்சாங்க?"

"தெரியலப்பா."

"அங்க கரண்ட்டே மெதுவாத்தானே ஓடுது. சிரிப்பு மட்டும் சீக்கிரம் வருமா?"

அதை நான் சத்தமாக எல்லாருக்கும் சொல்ல, பேசுவது இகாமாருவேதான் என்று தெரிந்ததும் நுமாசுக்காரர்கள் விடவில்லை. யாரோ ஒரு ஒயரைக் கொண்டுவந்து ஒரு முனையைக் கைபேசியிலும் மறுமுனையை என் ஆம்ப்ளிஃபையரிலும் செருகினார்கள். அப்பாவின் கிழட்டுக் குரல் பெரிய ஒலிபெருக்கியில் வந்து நின்றது. "ஹலோ? யாரு அங்க?"

நுகுயி சான் உடையைச் சரிசெய்துகொண்டு, கைபேசியின் முன்னால் நின்று, இடுப்பு வளைய வணங்கினார்.

"ஐயா, நான் நுமாசு நுகுயிங்க. ஒரே ஒரு சந்தேகம். செருப்போட ஓடின அந்த ஆளு பத்திரமா வீடு போய்ச் சேர்ந்தாருங்களா?"

ஐம்பது வருடத்துக்கு மேல் மேடை ஏறாத ஆள், முன்னால் கிழக்குக்காரக் கூட்டம்.

அப்பா ஒரு மூச்சு விட்டார். எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டுமோ சரியாக அவ்வளவு நேரம் நிறுத்தினார்.

"இல்லீங்க, இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கான்," என்றார். "உங்க ஊர்ப் பக்கந்தான் வந்தான். எதுக்கும் எல்லாரும் கொஞ்சம் குனிஞ்சு உங்க செருப்பப் பாத்துக்குங்க."

அத்தனை பேரும் குனிந்து பார்த்தார்கள். நுகுயி சான் உள்பட. பார்த்த பிறகுதான் தாங்கள் குனிந்து நிற்பது அவர்களுக்கு உறைத்தது. அந்தச் சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, மீட்டர் முள் துள்ளி மறுபடி கோட்டுக்கே வந்து நின்றது. அப்பா போனை வைக்கவே இல்லை.